16 குழி, ஒரு கொட்டகை: ஓஹையோவில் போல் பார்ன் கட்டிய கணக்கு

2022 நவம்பர் மூன்றாம் வாரம். முந்தைய இரவு குளிர் மைனஸ் 6 டிகிரிக்கு இறங்கியிருந்தது. காலை ஒன்பது மணிக்கு நல்ல வெயில், வானத்தில் பொட்டு மேகம் இல்லை. கொட்டகைக் கதவைத் தூக்கிவிட்டு உள்ளே நுழைந்தேன். உச்சந்தலையில் ஒரு சொட்டு. தோளில் இன்னொன்று. நிமிர்ந்து பார்த்தால் கூரைத் தகரத்தின் அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர். ஒவ்வொரு முத்தும் தகரத்தின் சரிவில் நழுவிவந்து, குறுக்குச் சட்டத்தில் முட்டி, அங்கிருந்து வரிசையாகக் கீழே விழுந்துகொண்டிருந்தது. புதுசாக வாங்கிய ரம்பமேசையின் இரும்புப் பலகையில் எட்டணா அளவுக்குத் துருவட்டங்கள் பூத்திருந்தன. வைக்கோல் கட்டுகளின் மேல்வரிசை நனைந்து நாறியது.

வெளியே மழை இல்லை, உள்ளேதான் பெய்தது. கட்டடத்தை மூடி இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அந்த ஆண்டு மே மாதம் கோடு போட்டதிலிருந்து அன்று காலைவரை நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன். அமெரிக்காவில் சொந்தமாக நிலம் வாங்கிய நம்மவர்கள் சிலர், ‘நீங்களே கட்டினீங்களாமே, எப்படி?’ என்று கேட்கிறார்கள். நாங்களே கட்டினோம் என்பது முக்கால் உண்மை. மீதிக் காலும் கீழே வருகிறது.

இடம், ஓஹையோ மாநிலத்தின் நடுப்பகுதி. கொலம்பஸிலிருந்து வடகிழக்கே காரில் ஒரு மணி நேரம். 6 ஏக்கர் களிமண் நிலம், 5 ஆடுகள், ஒரு சின்ன டிராக்டர், வாரக்கடைசியில் மரவேலை செய்யும் என் கிறுக்கு. எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் வைக்க 30 அடிக்கு 40 அடி, பக்கச்சுவர் 12 அடி உயரம் என்று முடிவானது.

ஏன் தூண் நட்டுக் கட்டுவது

வழக்கமான கராஜ் மாதிரி கட்டினால் நான்கு சுவருக்கும் அடியில் தொடர்ச்சியாகக் கடைக்கால் வேண்டும். எங்கள் பக்கம் குளிர்காலத்தில் மண் ஏறத்தாழ மூன்றடி ஆழம்வரை உறையும் என்று வைத்துத்தான் கட்டுகிறார்கள். அதற்குக் கீழே போகாத கடைக்காலை உறையும் ஈரமண் தூக்கிவிடும். 30-க்கு 40 என்றால் சுற்றளவு 140 அடி. 140 அடிக்கு மூன்றடிக்கும் கூடுதலான ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, காங்கிரீட் கொட்டி, அதன்மேல் சுவர் எழுப்ப வேண்டும்.

போல் பார்ன் என்பது அந்த வாய்க்காலை ஒதுக்கிவிட்ட கட்டடம். தூணைப் பூமிக்குள் ஊன்றுகிறோம். அதே தூண்தான் மேலே ட்ரஸ்ஸையும், அதாவது கூரையைத் தாங்கும் முக்கோண மரச்சட்டத்தையும், தாங்குகிறது. தூணுக்குத் தூண் கிடையாகப் பலகை அடித்து, அதன்மேல் தகரம் வேய்கிறோம். நீளவாக்கில் 8 அடிக்கு ஒரு தூண், பக்கத்துக்கு 6. முன்முகப்பில் 2, பின்முகப்பில் 2. மொத்தம் 16 தூண், 16 குழி, அவ்வளவுதான். வீடியோ அழைப்பில் வரைபடத்தைக் காட்டியபோது அப்பா, “இதென்னடா, நம்மூர்ப் பந்தக்கால் மாதிரில்ல இருக்கு” என்றார். சரியாகத்தான் சொன்னார்.

நம்மூர்க் கொட்டகைக்குச் சவுக்கை ஊன்றுவதுபோல அமெரிக்க விவசாயிகளும் பழைய காலத்திலிருந்தே கம்பம் நட்டுக் கொட்டகை போட்டவர்கள்தான். இப்போதைய வடிவத்துக்கு அதைக் கொண்டுவந்த பெருமை, 1930-களில் மிசூரி மாநிலத்தில் பண்ணை நிர்வாகத் தொழில் நடத்திய ஹோவர்ட் டோனுக்கும் அவரிடம் வேலைபார்த்த பெர்கின்ஸுக்கும் போகிறது. பொருளாதாரப் பெருமந்த காலத்தில் குறைந்த மரம், குறைந்த ஆள், நெளித்தகரம் ஆகியவற்றை வைத்து எழுப்பிய கட்டடம். ஆனால் மண்ணுக்குள் மரம் எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் இந்த முறையின் உயிர்நிலை. அந்த இடத்தில் ஓர் இந்தியர் வருகிறார். தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூன்றையும் கலந்து மரத்துக்குள் அழுத்தத்தில் ஏற்றும் சிசிஏ மருந்தை 1933-ல் கண்டுபிடித்தவர் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய சொந்தி காமேசன். நான் நட்ட 16 தூணிலும் ஏறியிருப்பது அந்த மருந்துதான்.

ஆர்சனிக் இருப்பதால் 2003 முடிவோடு அமெரிக்காவில் வீட்டையொட்டி வெளியே போடும் மரத்தளப் பலகை, குழந்தைகள் விளையாடும் சட்டங்கள் போன்றவற்றுக்கு சிசிஏ மரம் தயாரிப்பதை நிறுத்திவிட்டார்கள். விவசாயக் கம்பங்களுக்கு இன்னும் அனுமதி உண்டு. வெட்டிய துண்டுகளை அடுப்பிலோ குப்பையிலோ போட்டு எரிக்கக் கூடாது. சாம்பலில் ஆர்சனிக் அப்படியே நிற்கும். ஆட்டுப்பட்டிக்காரர்கள் இதை மறக்கவே கூடாது.

மரம் வாங்கும்போது தூணின் தலையில் ஸ்டேப்ளர் அடித்த ஒரு பிளாஸ்டிக் சீட்டு இருக்கும், கட்டைவிரல் அளவுதான். அதில் ‘யூசி4பி’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். ‘4ஏ’ என்றிருப்பதும் மண்ணைத் தொடலாம் என்றுதான் சொல்லும், ஆனால் அது வேலிக்கால் தரம். கட்டடம் முழுவதையும் தாங்கும் தூணுக்கு ‘4பி’. எங்களுக்கு வந்த லாரியில் 3 தூண் ‘4ஏ’-வாக இருந்தன. இறக்கும்போதே கண்டுபிடித்துத் திருப்பிவிட்டோம். நட்ட பிறகு தெரிந்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது.

அனுமதிச் சீட்டு

ஓஹையோவில் விவசாயக் கட்டடம் என்றால் கட்டட விதிகளிலிருந்து விலக்கு உண்டு. பக்கத்து நிலத்துக்காரர், “ஆடு வளர்க்கிறேன்னு எழுதிக்கொடு, யாரும் வரமாட்டாங்க” என்ற பொருளில் ஏதோ சொன்னார். எங்கள் கொட்டகையில் மூன்றில் ஒரு பங்கு மரவேலைப் பட்டறை. அது விவசாயம் ஆகாது. நாளைக்கு நிலத்தை விற்கும்போதோ, தீப்பிடித்துக் காப்பீட்டுக்காரர் வந்து நிற்கும்போதோ அந்தப் பொய் பல்லிளிக்கும். எனவே முறையாக விண்ணப்பித்தோம். பொறியாளர் முத்திரையிட்ட வரைபடமும் அனுமதியும் சேர்த்து 1,350 டாலர். அப்போது எரிச்சலாக இருந்தது. பின்னால் நினைத்துப் பார்த்தால் முழுச் செலவிலும் உருப்படியாகப் போன பணம் அதுதான்.

ஏனென்றால் நாங்கள் வாங்கிய கிட்டோடு (கொட்டகைச் சாமான்களின் தொகுப்பு) வந்த காகிதத்தில் 18 அங்குல அகலக் குழி என்று போட்டிருந்தது. எந்த ஊர், என்ன மண் என்ற பேச்சே அதில் இல்லை. பொறியாளர் ஒரு தாளில் போட்டுக்காட்டிய கணக்கை இங்கே தருகிறேன். பத்தாம் வகுப்புக் கணக்குதான்.

ஒரு தூணுக்குச் சேரும் கூரைப் பரப்பு: நீளவாக்கில் 8 அடி, அகலவாக்கில் பாதி 15 அடி, வெளியே நீட்டியிருக்கும் இறவாணம் 1 அடி. ஆக 8 பெருக்கல் 16, 128 சதுர அடி. பனிப்பாரம் சதுர அடிக்கு 20 பவுண்டு, கூரையின் சொந்தப் பாரம் 10. மொத்தம் 3,840 பவுண்டு, அதாவது 1,740 கிலோ. நம்ம டிராக்டரைவிடக் கனம், ஒற்றைத் தூண்மேல்.

எங்கள் களிமண்ணைச் சதுர அடிக்கு 1,500 பவுண்டு தாங்கும் என்றுதான் வைக்கலாம். 18 அங்குல வட்டத்தின் பரப்பு 1.77 சதுர அடி. அது தாங்குவது 2,650 பவுண்டு. போதாது. 24 அங்குல வட்டம் 3.14 சதுர அடி, 4,700 பவுண்டு. போதும். காகிதத்தில் சொன்னபடி நட்டிருந்தால் முதல் கனத்த பனியில் தூண் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் அமுங்கியிருக்கும்.

இது கீழே அமுங்கும் கணக்கு. மேலே பிடுங்கும் கணக்கு ஒன்றும் உண்டு. அதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியபோது, பேராவூரணிப் பக்கம் எங்கள் மாட்டுக்கொட்டகை போனது. தகரத்தை மட்டும் காற்று தூக்கிப்போகவில்லை. இரண்டடி ஊன்றியிருந்த சவுக்குக் கால்களைக் கூரையோடு சேர்த்துப் பிடுங்கி, அறுபது எழுபதடி தள்ளித் தென்னந்தோப்பில் கவிழ்த்திருந்தது. கால் ஒன்றும் முறியவில்லை, முழுசாக வெளியே வந்திருந்தன. அடியைத் தீயில் வாட்டித் தார் பூசியிருந்தார் அப்பா. கறையான் தொடவேயில்லை. வழவழவென்று இருந்ததால் உருவிக்கொண்டு வந்துவிட்டன.

“ஆழமா ஊனுனா மட்டும் பத்தாதுடா. அடியில ஒரு கொக்கி வேணும்” என்றார் அப்பா. பொறியாளரின் வரைபடத்திலும் அதுவே இருந்தது. நாலரையடி ஆழக் குழி. அடியில் அரையடி காங்கிரீட் தட்டு, அதன்மேல் தூண். தூணின் அடியில் இரண்டு பக்கமும் ஓரடி நீளக் கட்டை திருகி, அந்தக் கட்டைகள் மூழ்கும்படி குழி அகலத்துக்கு ஓரடி உயரக் காங்கிரீட் வளையம். அதற்குமேல் மூன்றடி மண். காற்று தூணைத் தூக்க வேண்டுமானால் அந்த வளையத்தையும், அதன்மேல் உட்கார்ந்திருக்கும் மண்ணையும் சேர்த்துத் தூக்க வேண்டும். வளையம் சுமார் 470 பவுண்டு. நேர்மேலே உள்ள மண் மட்டும் ஆயிரம் பவுண்டு. அக்கம்பக்கத்து மண்ணின் பிடிமானம் தனி. ஆழமில்லாத் தூண் அடித்தளங்களுக்கென்றே அமெரிக்க வேளாண் பொறியாளர் சங்கத்தின் ‘ஈபி 486’ என்ற தரநிலை இருக்கிறது. அதைப் படித்துத்தான் அவர் வரைந்திருந்தார். அப்பா தோப்பில் கவிழ்ந்து கிடந்த கூரையைப் பார்த்துச் சொன்னார்.

நூல் பிடித்ததும் குழி தோண்டியதும்

கோடு போட மே மாதம் மச்சினன் கிளீவ்லாண்டிலிருந்து வந்தான். நான்கு மூலைக்கும் வெளியே முளையடித்து, குறுக்குப் பலகை கட்டி, நூல் இழுத்தோம். 30-க்கு 40 என்ற அளவில் ஒரு சௌகரியம் இருக்கிறது: மூலைவிட்டம் கச்சிதமாக 50 அடி. நம்மூர்க் கொத்தனார் மூலைமட்டத்துக்கு 3, 4, 5 பிடிப்பாரே, அதன் பத்து மடங்கு. முதலில் அளந்தபோது ஒரு மூலைவிட்டம் 50 அடி, மற்றது 49 அடி 10 அங்குலம்.

“ரெண்டு இஞ்சுதானே அத்தான், தகரம் மறைச்சிரும்.”

“சுவத்துல மறைச்சிரும் மாப்ள, கூரையில மறைக்காது.”

ஷீட் நேர்க்கோட்டில்தான் வரும். கட்டடம் கோணலாக இருந்தால் 40 அடி போவதற்குள் இறவாணத்தில் ஆப்பு மாதிரி இடைவெளி காட்டிக்கொடுக்கும். ஒன்றரை மணி நேரம் முளையை நகர்த்தி நகர்த்தி அடித்து, இரண்டும் 50 அடி என்று வந்த பிறகுதான் சாப்பிடப் போனோம்.

தோண்டுவதற்குமுன் 811-க்கு அழைப்பது சட்டம், கட்டணமும் இல்லை. மின்சாரம், எரிவாயு, தொலைபேசி நிறுவனத்துக்காரர்கள் வந்து தங்கள் குழாய் போகும் பாதையில் வண்ணப்பொடி தெளித்துவிட்டுப் போவார்கள். அவர்களுக்குச் சொந்தமானதை மட்டும்தான் குறிப்பார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். வீட்டிலிருந்து கிணற்று மோட்டாருக்குப் போகும் கம்பி, கழிவுநீர்த் தொட்டிக் குழாய் இவையெல்லாம் நம் பாடு.

பாப்கேட் என்ற சின்ன மண்வாரி வண்டியில் துளைப்பானை மாட்டி ஒரே நாளில் 16 குழியும் போட்டோம். அதுதான் முதல் பெரிய தப்பு. கட்டட ஆய்வாளர் வருவது மறுநாள் காலை. குழிகளைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தூண் நடலாம். நடுவில் ஒரு ராத்திரி இடியோடு கொட்டித் தீர்த்தது. ஒட்டுப்பலகை போட்டு மூடியதெல்லாம் மழைக்காக அல்ல. ஆழ்துளைக் கிணற்றுச் செய்திகளைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரி என் மனைவி. நாலரையடிக் குழி திறந்து கிடந்தால் தூங்கமாட்டேன் என்று நின்று மூடவைத்தாள். பலகை தண்ணீரைத் தடுக்கவில்லை, பக்கவாட்டில் ஓடிவந்து இறங்கிவிட்டது. காலையில் 7 குழிகளில் முழங்கால் அளவு காப்பிநிறத் தண்ணீர், பக்கச் சுவரெல்லாம் உரிந்து உள்ளே விழுந்திருந்தது.

தண்ணீரை இறைத்துவிட்டோம். பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. ஆய்வாளர் வந்தார், வணக்கம் சொன்னார், வண்டியிலிருந்து ஓர் இரும்புக் கம்பியை எடுத்தார். முதல் குழிக்குள் செங்குத்தாகக் கம்பியை விட்டு உள்ளங்கையால் லேசாக அழுத்தினார். நாலு அங்குலம் வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கியது. கம்பியை வெளியே எடுத்து, சேறு படிந்த அளவைக் கட்டைவிரலால் காட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. 7 குழிக்கும் அதே கம்பி, அதே கட்டைவிரல். சிவப்புச் சீட்டை ஒட்டிவிட்டுப் போய்விட்டார்.

அன்று அவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பிறகு யோசித்தால், தூணின் 3,840 பவுண்டும் போய் உட்காரும் இடம் அந்தக் குழியின் அடி. அங்கே நாலு அங்குலச் சேறு இருந்தால் 24 அங்குலக் கணக்கெல்லாம் காற்றில் போச்சு. 7 குழியையும் திரும்பத் துளைத்து, கடினமண் வரும்வரை கையால் சுரண்டி எடுத்தோம். சில குழிகள் ஐந்தடியைத் தாண்டின, அகலமும் கூடிவிட்டது. அடுத்த முறை அவர் கம்பியை அழுத்தியபோது இறங்கவில்லை. பச்சைச் சீட்டு கிடைத்தது. இன்னொரு முறை கட்டினால், ஆய்வாளர் வரும் நாள் விடியற்காலைதான் துளைப்பானை வாடகைக்கு எடுப்பேன்.

காங்கிரீட்டுக்கு 80 பவுண்டு மூட்டை, குழிக்கு 8 என்று கணக்கிட்டு 128 வாங்கினோம். அகலமான குழிகளால் கூடுதலாக 19. ஏறத்தாழ ஐந்தே கால் டன்னை இரண்டு பேர் தூக்கிக் கலவை இயந்திரத்தில் கொட்டினோம். லாரிக் காங்கிரீட் எடுத்திருக்கலாம். சின்ன அளவுக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள் என்று கஞ்சத்தனம் பண்ணினேன். மச்சினனின் இடுப்பு அதை இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறது.

தூண் நடுவதில் இரண்டே விஷயம். நான்கு மூலைத்தூணை முதலில் நட்டு, வெளிமுகத்தில் நூல் இழுத்து, மற்றவற்றை நூலுக்கு ஒட்டியும் ஒட்டாமலும் நிறுத்த வேண்டும். தூண் நூலைத் தொட்டால் நூல் வளையும், வளைந்த நூலைப் பார்த்து அடுத்த தூண் வளையும். இரண்டாவது, தூணை வெட்டுவதென்றால் உச்சியில்தான் வெட்ட வேண்டும். மருந்து மரத்தின் வெளிச்சுற்றில்தான் நன்றாக ஏறியிருக்கும். வெட்டுவாயை மண்ணுக்குள் விட்டால் மருந்தில்லாத நடுமரத்தை ஈரத்துக்குத் திறந்துவிட்டதுபோல. 18 அடித் தூணாக வாங்கி, நட்டு முடித்த பிறகு தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் பிடித்து 16 தலையையும் ஒரே மட்டத்தில் வெட்டினோம். லேசர் லெவலும் இருந்தது. மதிய வெயிலில் அதன் புள்ளி தெரியவில்லை.

வளையக் காங்கிரீட் இறுகியதும் மண்ணை அரையடி அரையடியாகப் போட்டுத் திமிசுக் கட்டையால் இடித்தோம். இந்த வேலையில் யாரும் படம் பிடிப்பதில்லை. குனிந்து இடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். மூன்று நாள் ஆனது.

மேலே போனது

ட்ரஸ்ஸுக்குத்தான் அந்த மீதிக் கால். 30 அடி அகல ட்ரஸ் ஆறு, தொழிற்சாலையில் செய்து லாரியில் வந்தன. பன்னிரண்டடி உயரத்தில் நிற்கவைத்து, குறுக்குச் சட்டம் அடிக்கும்வரை அவை சாய்வதற்கென்றே காத்திருக்கும். ஒன்று சாய்ந்தால் அடுத்தடுத்து எல்லாம் சீட்டுக்கட்டுபோல் போகும். அனுபவமில்லாதவர்கள் அடிபடுவது இந்த இடத்தில். ஓஹையோவின் ஹோம்ஸ் கவுண்டிப் பக்கம் ஆமிஷ் என்ற கிறித்தவப் பிரிவினரின் பெரிய குடியிருப்பு இருக்கிறது. கொட்டகை கட்டுவதில் கைதேர்ந்தவர்கள். ஒரு குழுவை ஒரு நாளுக்குப் பேசினோம். அவர்கள் கார் ஓட்டுவதில்லை என்பதால் ஓட்டுநர் ஒருவர் காலை ஆறரைக்கு நால்வரை இறக்கிவிட்டுப் போனார். மதியச் சாப்பாட்டுக்குள் ஆறு ட்ரஸ்ஸும் ஏறி, தற்காலிகச் சாய்கட்டைகள் அடித்து, பாதிக் குறுக்குச் சட்டமும் முடிந்திருந்தது. நானும் மச்சினனும் ஆணி எடுத்துக்கொடுத்தோம்.

இந்தக் கட்டத்தில் தூணைப் பிடித்து உலுக்கினால் முழுச் சட்டகமும் அசையும். வயிற்றைக் கலக்கும். கூரைத் தகரம் வேய்ந்து முடித்த அன்று மறுபடி உலுக்கினேன், அசைவு பெரும்பாலும் போயிருந்தது. சுவர்த்தகரமும் ஏறிய பிறகு சுத்தமாக இல்லை. தகரத்தை நாம் மழைக்குப் போர்வையாக நினைக்கிறோம். இந்தக் கட்டடத்தில் அது எலும்பும்கூட. திருகுகளால் சட்டத்தோடு தைத்த தகரம் ஒரே பலகைபோல் விறைத்து, பக்கவாட்டுக் காற்றை முகப்புச் சுவர்களுக்குக் கடத்துகிறது. பின்னால் ஆசைப்பட்டுச் சுவரில் பெரிய வாசல் வெட்டக் கூடாது என்று பொறியாளர் எச்சரித்ததன் காரணம் அப்போதுதான் உறைத்தது.

திருகு போடுவதில் ஒன்று மட்டும். தலைக்கடியில் ரப்பர் வாஷர் இருக்கும். அது லேசாகப் பிதுங்கினால் போதும். காளான் மாதிரி விரிந்துவிட்டால் அதிகம், இரண்டு வெயிலில் வெடித்துவிடும்.

உள்ளே பெய்த மழை

தகரம் வாங்கும்போது விற்பனையாளர் கேட்டார்: அடியில் கம்பளிப் படலம் ஒட்டியது வேண்டுமா? தொழிற்சாலையிலேயே தகரத்தின் அடிப்பக்கம் மெல்லிய பஞ்சுத்துணி மாதிரி ஒன்றை ஒட்டித் தருவார்கள். இரவில் வியர்க்கும் நீரை அது பிடித்துவைத்து, பகலில் காற்றில் விட்டுவிடும். எங்கள் கூரை 1,417 சதுர அடி. அதற்குக் கூடுதலாக 1,100 டாலர் சொன்னார். ஆட்டுக்கொட்டகைக்கு இதெல்லாம் எதற்கு என்று வேண்டாம் என்றேன். இரண்டாவது பெரிய தப்பு.

அக்டோபர் கடைசியில் தரைக்குக் காங்கிரீட் கொட்டினோம். நாலு அங்குலக் கனம், 15 கன கஜம். அடியில் பிளாஸ்டிக் விரிப்பு. ஒரு கன கஜக் காங்கிரீட்டில் சுமார் 30 காலன் தண்ணீர் இருக்கும். மொத்தம் 450 காலன். சிமெண்டு இறுகுவதற்கு எடுத்துக்கொள்வது போக ஏறக்குறைய பாதி, 800 லிட்டருக்குமேல், மெல்ல மெல்ல வெளியேற வேண்டும். கீழே பிளாஸ்டிக் இருப்பதால் அத்தனையும் மேலேதான் வரும். குளிர் வந்துவிட்டதே என்று நாங்கள் கதவை இழுத்து மூடியிருந்தோம். முகட்டுக் காற்றுவழியில் பறவை வருமென்று நுரைப்பட்டை வைத்து அடைத்திருந்தோம். ஆக, 800 லிட்டர் தண்ணீரும் குளிர்ந்த தகரமும் ஒரே பெட்டிக்குள். இரவெல்லாம் ஆவி தகரத்தில் உறைந்து வெள்ளையாகப் படியும். காலை வெயில் பட்டதும் மொத்தமாக உருகி விழும்.

முதல் நாள் எனக்கு இது புரியவில்லை. திருகு ஓட்டை என்று நினைத்து ஏணி போட்டு ஏறி ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். புரிந்த பிறகு செய்ததுதான் இன்னும் மோசம். ‘ஈரத்தைக் காயவைப்போம்’ என்று புகைபோக்கி இல்லாத புரொப்பேன் ஹீட்டர் ஒன்றை வாங்கிவந்து இரண்டு நாள் ஓடவிட்டேன். சொட்டு கூடியது! புரொப்பேன் எரிந்தால் கரியமில வாயுவோடு தண்ணீர் ஆவியும் வரும். 9 கிலோ சிலிண்டர் ஒன்று எரிந்து முடிந்தால் வெளிவருவது ஏறத்தாழ 15 லிட்டர் தண்ணீர். இரண்டு நாளில் மூன்று சிலிண்டர் எரித்திருந்தேன். ஈரத்தைப் போக்க 45 லிட்டரை உள்ளே ஊற்றியிருக்கிறேன். மூடிய இடத்தில் அப்படி எரித்தால் கார்பன் மோனாக்சைடும் சேரும். தலைவலியோடு தப்பித்தேன் என்பதே பெரிது.

பிறகு செய்தவை எளிமையானவை. முகட்டு அடைப்பைப் பிய்த்து, காற்று புகும் வலைப்பட்டை வைத்தோம். இறவாணத்து அடைப்பையும் திறந்தோம். பகலில் குளிர்ந்தாலும் பரவாயில்லை என்று இரண்டு பக்கக் கதவும் திறந்தே கிடந்தன. வைக்கோலைக் கட்டைமேல் தூக்கிவைத்தோம். டிசம்பர் நடுவில் சொட்டு பாதியானது, ஜனவரியில் கடுங்குளிர் நாட்களில் மட்டும் இருந்தது. கம்பளிப் படலத்தைப் பின்னால் ஒட்ட முடியாது, தகரத்தை முழுக்கக் கழற்றினால்தான் உண்டு. மே மாதம் வெயில் வந்த பிறகு ஆள் வைத்துக் கூரை அடியில் ஓர் அங்குலம் வெப்பக்காப்பு நுரை தெளித்தோம். 2,600 டாலர். 1,100-ஐ மிச்சம் பிடித்ததற்கு.

கணக்கு

தூண், ட்ரஸ், மரம், தகரம், திருகு எல்லாம் சேர்த்து 18,600 டாலர். 2021 மே மாதம் அமெரிக்காவில் மரவிலை வரலாற்று உச்சத்துக்குப் போயிருந்தது. ஒரு வருடம் பொறுத்ததால் இந்த விலை. கதவுகள் 2,900. மூட்டைக் காங்கிரீட் 820. தரைக் காங்கிரீட்டும் அதைத் தேய்த்து மட்டப்படுத்திய கூலியும் 5,000. வரைபடமும் அனுமதியும் 1,350. இயந்திர வாடகை 1,150. ட்ரஸ் ஏற்றிய குழுவுக்கு 1,600. ஆக 31,420. நுரையோடு 34,020. முழுதாகக் கட்டித்தர ஒரு நிறுவனம் கேட்டது 46,000. மிச்சம் 12,000-த்துக்குப் பக்கம் என்று மனைவியிடம் பெருமையடித்தேன். ஐந்து மாத வாரக்கடைசிகளை எந்த வரியில் எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

2023 கோடையில் அப்பா வந்தார். கொட்டகையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். தகரத்தையும் கதவையும் நிமிர்ந்து பார்த்ததாக ஞாபகம் இல்லை. ஒரு தூணருகே குந்தி, தரையோடு அது சேரும் இடத்தில் மண்ணைக் கையால் தள்ளிப் பார்த்துவிட்டு, “தண்ணி நிக்காம மண்ண ஒசத்தி அணைச்சு விடு” என்றார். அன்று சாயங்காலமே இரண்டு வண்டி மண் அடித்துச் சரிவு வைத்தோம்.

நுரை தெளித்த பிறகு உள்ளே வியர்வை இல்லை. ஆனால் மேற்குப் பக்கம் மூன்றாவது சட்டத்தருகே ஒரு திருகு மரத்தில் பிடிக்காமல் பக்கத்தில் இறங்கியிருக்கிறது. நல்ல மழையில் நுரையையும் மீறி அங்கே மட்டும் ஒரு சொட்டு. அதற்கடியில் பெயிண்ட் டப்பா ஒன்று வைத்திருக்கிறேன்.